ரேஞ்சர் வீட்டுத் தேக்கு நாற்காலிகளைப் பற்றி மகனுக்கு

கண்ணு,

சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். நேற்றுச் சாயங்காலம்தான் பார்த்தேன், சௌக்கியமாகத்தான் இருக்கிறாய். ஒண்டிகொப்பலில் உன் மாமனார் வீட்டுத் தோட்டத்தில், சம்பக மரத்தடியில், அந்தத் தேக்கு நாற்காலியில் முதுகைச் சாய்த்து, காபி டம்ளரை நாற்காலியின் கையிலேயே வைத்துக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தாய். பக்கத்து நாற்காலியில் உன் மாமனார் ரேஞ்சர். அவர் ஏதோ சொல்ல, நீ தலையைப் பின்னால் தள்ளிச் சிரித்தாய். நான் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதை நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓடி வந்து கூப்பிட்டிருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூப்பிட்டால் அந்த நாற்காலி ஒன்றில் நானும் உட்கார வேண்டியிருக்கும். அதனால்தான் மணி அடிக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நேரில் சொல்லலாம் என்றால் உன் பக்கத்தில் எப்போதும் ரேஞ்சர் இருக்கிறார். சனிக்கிழமை வண்டி ஏறி, அரசிக்கெரெயில் மாறி, மருமகளோடு அணைக்கட்டு வேலைக்குப் போகப் போகிறாய். ஓவர்சீயர் என்றால் சர்க்கார் குவார்ட்டர்ஸ் உண்டு, முன்னால் தோட்டம் போட இடம் உண்டு என்கிறார்கள். நம் வம்சத்தில் சர்க்கார் வீட்டில் குடியிருக்கப் போகிற முதல் ஆள் நீ. அந்த வீட்டில் முதல் நாள் பால் காய்ச்ச ஒரு பெரிய மனுஷர் கூட வர வேண்டும் என்று பேச்சு வந்ததல்லவா, மறுவீட்டு விருந்து அன்று? நீ ரேஞ்சரைப் பார்த்து, “மாமா, நீங்களும் எங்க கூட வந்துடுங்க, எல்லாம் ஏற்பாடு பண்ணிக் கொடுத்துட்டு மெதுவா திரும்பலாம்” என்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, “சித்தப்பா, உங்களால கடையை விட்டுட்டு வர முடியாது, இல்லையா?” என்றாய்.

“எப்படி வரது கண்ணு, முகூர்த்த சீசன், தலைக்கு மேல வேலை” என்று நானே சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். உன்மேல் குற்றம் இல்லை. ஆனால் அவரிடம் “வந்துடுங்க”, என்னிடம் “முடியாது, இல்லையா?” இந்த இரண்டையும் அன்றிலிருந்து தராசில் வைத்து நிறுத்துக்கொண்டே இருக்கிறேன். நான் நாலாவது வகுப்புக்கு மேல் போகாதவன். போக முடியாமல் இல்லை, ஐந்தாவது வகுப்பு வாத்தியாருக்கு என் கேள்விகளுக்குப் பதில் தெரியாது என்று ஊரே சொன்னதால் அவருடைய மானத்தைக் காப்பாற்ற நின்றுகொண்டேன். இருந்தாலும் ஒரு பேச்சில் எது கனம், எது லேசு என்று எனக்குத் தெரியும்.

நாற்காலியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஹனூரிலிருந்து வெறும் கையோடு வந்து, இந்த மைசூரில் மடக்கு நாற்காலி என்றால் என் கடை என்று ஆக்கியவன் நான். தசரா பொருட்காட்சிக்கு நாற்காலி யாருடையது? சுதந்திரம் வந்த அன்று மைதானத்தில் கொடி ஏற்றியபோது பெரிய மனுஷர்கள் எல்லாம் எதில் உட்கார்ந்தார்கள்? ஐந்நூறு நாற்காலி, ஒரே ராத்திரியில் அடித்துப் போட்டேன். அரண்மனையிலிருந்தே ஆள் வந்து, “உங்க நாற்காலி மடங்கற அழகு வேற எங்கயும் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனான். இதை நான் சொல்லும்போதெல்லாம் உன் சித்தி உள்ளேயிருந்து, “கடையில மொத்தமே எரநூறுதானுங்க, அதுலயும் இருபது நொண்டி” என்று குரல் கொடுப்பாள். அவளுக்கு வியாபாரம் தெரியாது. நாற்காலி இரண்டு தடவை போய் வந்தால் அது இரண்டு நாற்காலிதானே?

நீ நம் வீட்டுக்கு வந்தபோது உனக்கு நாலு வயது. என் அண்ணனும் அண்ணியும் அந்தக் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய், உன்னைக் கொள்ளேகால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்க நீ என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தாய். ஒன்று பிய்ந்து வந்துவிட்டது. “போட்டும், அதை நீயே வெச்சுக்கோ கண்ணு” என்றேன். வீட்டுக்குள் நுழைந்ததும் நீ முதலில் பார்த்தது கூரை முட்ட அடுக்கியிருந்த நாற்காலிகளை. எத்தனை குழந்தைகளுக்குக் கிடைக்கும் அந்த யோகம்? மடித்து அடுக்கிய நாற்காலிகளின் இடுக்கில் ஜமுக்காளத்தைத் திணித்து நீயே ஒரு குகை செய்து அதில் தூங்குவாய். ஆனால் விரித்த நாற்காலி என்று நம் வீட்டில் ஒன்றுகூட இருந்ததில்லை, இல்லையா? விரித்தால் அது யாருடைய கல்யாணத்துக்காவது போக வேண்டும். நீ ஒன்றை எடுத்து விரித்து உட்கார்ந்து எழுத்துப் பலகையை மடியில் வைக்கும்போதுதான் வாசலில் வண்டி வந்து நிற்கும். “எந்திரி கண்ணு, எண்ணிக்கை குறையுது” என்பேன். நீ எழுந்து, நீயே அதை மடக்கி என் கையில் கொடுப்பாய். என்ன அழகாக மடக்குவாய்! வலது முழங்காலால் ஒரு தட்டு, படக். எனக்கு அது பெருமையாக இருந்தது. மெட்ரிக் பரீட்சைக்கு நீ தரையில் குப்புறப் படுத்துப் படித்ததையும் நான் ஊரெல்லாம் பெருமையாகத்தான் சொன்னேன். உட்கார்ந்து படித்தவன் குமாஸ்தா ஆவான், படுத்துப் படித்தவன் ஓவர்சீயர் ஆவான் என்றேன். இப்போது யோசித்தால், படுத்துப் படித்தது உன் ஆசையா, நாற்காலி இல்லாததாலா என்று நான் உன்னைக் கேட்டதே இல்லை.

சரி, ரேஞ்சர் வீட்டுக்கு வருகிறேன். பெண் பார்க்கப் போன அன்று நம்மைக் கூடத்தில் உட்கார வைப்பார்கள், நம் ஜனம் தரையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பழகினது, ஒன்றும் குறையில்லை என்று நினைத்துத்தான் போனேன். அந்த மனுஷன் நேராகத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாலு நாற்காலி. அகலமான கைகள், பின்பக்கம் சாய்ந்த முதுகு, உட்காரும் இடத்தில் இடைவெளி விட்டு விட்டுச் சட்டங்கள், மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் கீழே ஓடுகிற மாதிரி. காப்பித் தோட்டத்து துரை ஒருவர் சுதந்திரத்துக்கு அப்புறம் கப்பல் ஏறியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டாராம், அதில் எடுத்தாராம். காட்டிலாகாவில் இருந்தவருக்குத் தேக்கைப் பார்த்தால் தெரியாதா? நான் அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நிறமே இல்லை. பாலிஷ் இல்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் பூத்து, கிழவன் தலைமுடி மாதிரி வெளுத்திருந்தது. உன் காதோடு, “பென்ஷன் பத்தலை போலிருக்கு, வர்ணம் அடிக்கக்கூட வழியில்லை” என்றேன். நீ சிரிக்கவில்லை.

அப்புறம் நீ உட்கார்ந்தாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. முதலில் நுனியில் உட்கார்ந்தாய், நம் வீட்டு வழக்கப்படி, யாராவது எழுப்புவார்கள் என்கிற மாதிரி. ரேஞ்சர், “நல்லா சாஞ்சுக்கோங்க மாப்ளே, அது எங்கயும் ஓடிப்போகாது” என்றார். நீ மெல்லச் சாய்ந்தாய். டம்ளரை எங்கே வைப்பது என்று பார்த்தாய். நாற்காலியின் கை அகலமாக இருந்தது, அதில் வைத்தாய். அப்புறம் ஒரு நிமிஷம் கண்ணை மூடினாய். பெண் பார்க்க வந்த பையன், பெண் இன்னும் வெளியே வரக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாய். உன்னை நாலு வயதிலிருந்து வளர்த்தவன் நான். அந்த மூச்சை என் வீட்டில் நீ ஒருநாளும் விட்டதில்லை.

உன் சித்தியையும் சொல்ல வேண்டும். சம்பந்தியம்மா, “பன்னி, கூத்துக்கோங்க” என்று பாதிக் கன்னடத்தில் ‘வாங்க, உட்காருங்க’ சொல்லி, கையைப் பிடித்து நாலாவது நாற்காலியில் உட்கார வைத்தாள். ஆண்கள் எதிரில் எப்படி என்று முதலில் நெளிந்தவள், உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்! ஜட்காவில் திரும்பி வரும்போது பெண் எப்படி என்று நான் கேட்கிறேன், அவள், “முதுகு வலி இருந்த எடமே தெரியலீங்க” என்கிறாள். இருநூறு நாற்காலிக்கு நடுவில் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவள். நான் அவளை ஒன்றில் உட்காரச் சொன்னேனா என்று நீ கேட்கலாம். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இதை மட்டும் என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதே. புது வீட்டில் நாற்காலியைப் போட்டதும் முதலில் மருமகளை உட்கார வை. அவள் உட்கார்ந்த பிறகு நீ உட்கார். அவள் காபி கொண்டுவருவதற்காக எழுந்தால், நீயும் எழுந்து பின்னால் போ. மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ ஒண்டிகொப்பலுக்குப் போனாய். பெண்ணைப் பார்க்க என்று ஊர் நினைத்தது. பெண் உள்ளே இருந்தாள், நீ வெளியே ரேஞ்சரோடு இருந்தாய். திரும்பி வந்து சாப்பிடும்போது எல்லாம் அவர் பேச்சுதான். “தேக்கு வெளுத்தா அது கெட்டுப்போறது இல்லையாம் சித்தப்பா.” “புலி நடந்த தடத்தைப் பார்த்தே வயசு சொல்வாராம் சித்தப்பா.” நானும் புலி பார்த்தவன்தான். ஹனூர்க் காட்டில் ஒன்று என் எதிரில் வந்து நின்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனது. நீ சின்னப் பையனாக இருந்தபோது இதைத் தினமும் சொல்லச் சொல்லிக் கேட்பாய். அன்றைக்கு நான் ஆரம்பித்ததும், “தெரியும் சித்தப்பா” என்றாய். ரேஞ்சரின் புலி வந்ததும் என் புலி செத்துப்போயிற்று.

அப்போதுதான் தீர்மானம் பண்ணினேன். சம்பந்தி விருந்துக்கு ரேஞ்சர் குடும்பம் நம் வீட்டுக்கு வரும்போது அவர் என் முற்றத்தில் என்னுடைய நாற்காலியில் உட்கார வேண்டும். மடக்குவது இல்லை. நிற்கிற நாற்காலி. தேக்கு வேண்டாம், ஈட்டி மரம். மைசூர் ஈட்டிக்கு முன்னால் துரையின் தேக்கு எந்த மூலை? ஆறு போடச் சொன்னேன். அவரிடம் நாலு என்றால் என்னிடம் ஆறு. பாலிஷ் போடுகிறவனைக் கூப்பிட்டு, அரக்குப் பாலிஷ் தேய்த்து, முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கிற மாதிரி பண்ணு என்றேன். அவனும் சளைக்காதவன். ஒவ்வொரு கை பூசியதும், “மிஞ்சுத்தே ஸ்வாமி, மிஞ்சுத்தே!” என்று, மின்னுகிறது மின்னுகிறது என்று, பளபளப்பைப் பார்த்துக் கன்னடத்தில் அவனே கூத்தாடுவான். எனக்குப் போதவில்லை. விருந்துக்கு முதல் நாள் சாயங்காலம் இன்னொரு கை பூசச் சொன்னேன்.

உன் சித்தி, “ஏனுங்க, இது கூடத்துல போடற சாமான் மாதிரி இருக்குது, வெளிய வெயில்ல போட்டா ஆகுமுங்களா?” என்றாள்.

“வெயிலுக்காகத்தான் பாலிஷே” என்றேன்.

“காயவே இல்லீங்க. தொட்டா கையில ஒட்டுது.”

“அது மினுமினுப்பு. உனக்கு ஒட்டற மாதிரி தெரியுது.”

விருந்தன்று காலையிலேயே ஆறையும் தூக்கி முற்றத்தில் போட்டுவிட்டேன், தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று. பார்த்தார்கள். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா மாடியிலிருந்து பார்த்தார். சித்திரை வெயில் நாற்காலிமேல் விழுந்து, நாற்காலி சூரியனை அடித்துத் திருப்பி அனுப்பியது. சாமுண்டி மலையிலிருந்து பார்த்தவர்கள் என் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

சாப்பாடு முடிந்து ரேஞ்சர் முற்றத்துக்கு வந்தார். சலவை வேட்டி, கழுத்து மூடிய கோட்டு, தலையில் சரிகைப் பேட்டா. நாற்காலியைப் பார்த்ததும் நின்றார். “ஈட்டி!” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. உட்கார்ந்தார். நீ பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே அந்தக் காட்சியைப் பார்த்தேன். கண்ணு, அந்த அரைமணி நேரம் நான் மைசூருக்கே திவானாக இருந்தேன்.

அப்புறம் அவர் வெற்றிலைத் தட்டை எடுக்க எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. கால் தரையை விட்டு ஒரு சாண் தூக்கி, டம் என்று திரும்பி விழுந்தது. பெண்கள் கூட்டத்தில் ஒரு குழந்தை, “தாத்தாவுக்கு வால்!” என்றது. நான் அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். ரேஞ்சர் திரும்ப உட்கார்ந்தார். “என்ன சம்பந்தி, உங்க வீட்டு உபசாரம் ரொம்ப பலம். நான் போறேன்னாலும் நாற்காலி விட மாட்டேங்குதே! சரி, சாவகாசமா போலாம், இன்னொரு காபி கொண்டாங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவமானம் அந்த இடத்திலேயே வேடிக்கையாகிவிட்டது. கடைசியில் உன் சித்தி ஈரத்துணியோடு ஒரு பக்கமும் சம்பந்தியம்மா இன்னொரு பக்கமுமாக வேட்டியை நாற்காலியிலிருந்து மெல்ல மெல்ல உரித்தெடுத்தார்கள், அவர் அதுவரைக்கும் யானை பிடித்த கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

நல்ல மனுஷர் என்று சொல்கிறாயா? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் நான் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன். என் வீட்டு முற்றத்தில், என் நாற்காலியில் ஒட்டிக்கொண்டு, அங்கேயும் அவரே ஜெயித்தார்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு நீ எழுந்திருக்கவில்லை. எல்லோரும் கிளம்பும்போது வாசலுக்குக்கூட வரவில்லை, “காத்து நல்லா வருது, இருக்கேன்” என்றாய். மாமனாரை வழியனுப்ப வராமல் உட்கார்ந்திருக்கிறானே, என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். தெரு காலியானதும், பெண்கள் உள்ளே போனதும், நீ எழுந்தாய். சர்ரென்று துணி பிரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. நீ திரும்பிப் பார்க்காமல், “நல்ல நாற்காலி சித்தப்பா” என்றாய். உள்ளே போய்விட்டாய். மறுநாள் உன் புது வேட்டியைத் துவைக்க எடுத்த சித்தி அதன் பின்பக்கத்தை என்னிடம் விரித்துக் காட்டினாள். நீயும் ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய், முதலிலிருந்தே. இரண்டாவது நாற்காலியும் எழுந்தால் என் மானம் என்ன ஆகும் என்று, இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறாய். நான் முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த நாற்காலியில் உன் வேட்டியின் நெசவு, இழை இழையாக, கரைக்கோடு உள்பட, பாலிஷில் பதிந்து காய்ந்திருந்தது.

மற்ற ஐந்தையும் சுரண்டித் திரும்பப் பாலிஷ் போட்டாயிற்று. ஒரு ஓட்டல்காரன் உள்ளே போட எடுத்துக்கொண்டு போனான். உன்னுடையதை நான் தொடவிடவில்லை. அது இப்போது கூடத்தில் ஜன்னலோரம் இருக்கிறது. மடங்காது, வாடகைக்குப் போகாது. அதில் சித்தி உட்கார்கிறாள், நானே உட்காரச் சொல்கிறேன். நெசவு அழியாமல் இருக்க மேலே ஒரு துண்டு விரித்து உட்கார்கிறாள். உன் மாமனார் நாற்காலியில் நீ ஆயிரம் தரம் உட்கார்ந்திருக்கலாம். அதில் உன் அடையாளம் ஏதாவது பதிந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் ரேஞ்சரே கடைக்கு வந்தார், ஜட்காவில், தன் நாலு நாற்காலியில் இரண்டை ஏற்றிக்கொண்டு. “குழந்தைகள் தோட்டத்துல போட்டுக்கட்டும். ரயில்ல போகணும். நாற்காலி கட்டறதுல உங்களை விட்டா மைசூர்ல வேற யாரு சம்பந்தி?” என்றார். வேறு யாரும் இல்லைதான். அவர் உண்மையைச் சொன்னார், எனக்கு அதிலும் எரிச்சல். அவர் போனதும் கடைக் கதவைச் சாத்திவிட்டு, அந்த நாற்காலியில் எங்கேயாவது ஒரு குறை இருக்காதா என்று பார்த்தேன். கவிழ்த்துப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன், மூட்டு மூட்டாகத் தட்டிப் பார்த்தேன். பூச்சி இல்லை, வெடிப்பு இல்லை. துரையின் தச்சன் எவனோ, அவன் கையில் விளக்கெண்ணெய் ஊற்ற! கடைசியில், பெண் பார்க்கப் போன அன்று நுனியிலேயே உட்கார்ந்திருந்தவன், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன்.

கதவைத் திறந்து உன் சித்தி எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, கட்டறதுக்கு வந்த நாற்காலியில உக்காந்து என்ன பண்றீங்க?”

“பலம் பாக்கறேன்.”

“இவ்வளவு நேரமாவா?”

“தேக்கு. மெதுவாத்தான் தெரியும்.”

“கண்ணு ஏன் செவந்திருக்குது?”

“மரத்தூள்.”

அறுக்காத, இழைக்காத நாற்காலியில் ஏது மரத்தூள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் போனதற்காக அவளை நான் மெச்சுகிறேன். அந்த நாற்காலியில் சாய்ந்தால் என்ன ஆகிறது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. மூச்சு தானாக வருகிறது. யாரும் எழுப்ப மாட்டார்கள் என்று முதுகுக்குத் தெரிந்துவிடுகிறது. நீ அன்று பெருமூச்சு விட்டது ரேஞ்சருக்காக இல்லை, மரத்துக்காக என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த முடிவு தப்பாக இருந்தாலும் நீ எழுதித் திருத்த வேண்டாம்.

இரண்டையும் நானே கட்டினேன். கைக்கும் காலுக்கும் வைக்கோல் சுற்றி, கோணி தைத்து, கயிற்றை நாலு பக்கமும் இழுத்து, யானை மிதித்தாலும் ஒரு கீறல் விழாது. அங்கே அவிழ்க்கும்போது அரிவாளால் வெட்டாதே, முடிச்சைக் கையால் அவிழ்த்துவிடு, கயிறு தோட்டத்துக்கு உதவும். நாற்காலிக்கு எண்ணெயும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம், வெளுத்தால் வெளுக்கட்டும், கால் மட்டும் சேற்றில் நிற்காமல் கல் போட்டு வை. இதை ரேஞ்சரும் சொல்வார். நான் முதலில் சொன்னதாக ஞாபகம் வைத்துக்கொள்.

யார் வந்தாலும் உட்காரச் சொல். மேஸ்திரி வரட்டும், தபால்காரர் வரட்டும், கூலிக்காரர் வரட்டும். உட்கார்ந்தவரை நீயாக எழுப்பாதே, எவ்வளவு பெரிய ஆபீசர் வந்து நின்றாலும் சரி. உனக்குக் குழந்தை பிறந்து, அது நாற்காலியில் ஏறி எழுத்துப் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வீடே பற்றி எரிந்தாலும் அதை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போ.

மூட்டையை அவிழ்க்கும்போது இரண்டுக்கும் நடுவில் தட்டையாக மூன்றாவதாக ஒன்று இருக்கும். ரேஞ்சருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறேன். நம் கடை மடக்கு நாற்காலி. புதுசு இல்லை, நீ சின்ன வயதில் அடிக்கடி எடுத்து விரிப்பாயே, முதுகுப் பலகையில் நீ ஆணியால் ரயில் வண்டி கீறின அதே நாற்காலி. துரை நாற்காலிக்குப் பக்கத்தில் அது அழகாக இருக்காது, தெரியும். ஆனால் இடத்தை அடைக்காது. கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தால் இருப்பதே தெரியாது. உனக்குச் சௌகரியப்படும்போது விரிக்கலாம், போதும் என்று தோன்றும்போது முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி மடக்கிவிடலாம். ரேஞ்சருக்கு உட்கார அவர் தேக்கு இருக்கிறது.

ஆனால் இப்போதே விரிக்க முயற்சி செய்யாதே, யாரையும் உட்காரவும் விடாதே. வலது பக்கம் போல்ட்டு இல்லை. உட்கார்ந்தால் ஆள் கீழே போவான். தொலைந்துபோய்விட்டது என்று நினைத்து அங்கே கடையில் வேறு வாங்கிப் போட்டுவிடாதே, அளவு சேராது. கழற்றி வைத்திருக்கிறேன், என் சட்டைப் பையில் இருக்கிறது. நீ அன்று பஸ்ஸில் பிய்த்த பொத்தான் இருந்த அந்தப் பக்கத்துப் பை. முகூர்த்தம் எல்லாம் இந்த மாசத்தோடு முடிகிறது, அப்புறம் கடையைச் சித்தியே பார்த்துக்கொள்வாள், நாற்காலி எத்தனை என்று அவளுக்குத்தான் சரியாகத் தெரியும்.

போல்ட்டை எப்போது கொண்டு வரட்டும் என்று ஒரு வரி எழுது கண்ணு.

உன்,
சித்தப்பா